‘கே’ போட்ட பிராசசர்

“ஒரு நிமிஷம் இருங்கண்ணே, உங்களுக்காக உள்ள போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாயே, போய் அஞ்சு நிமிஷம் உள்ளேயே இருந்தாயே, அந்த அஞ்சு நிமிஷமும் உள்ளே என்னய்யா செய்துகொண்டிருந்தாய்? உன்னைத்தான் கேட்கிறேன். உன் பேர் எனக்குத் தெரியாது. சென்னையில் பழைய கம்ப்யூட்டர் பாகம் விற்கிற சந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை, பச்சைச் சட்டை. இவ்வளவுதான் தெரியும். நீ எங்கேயாவது இதைப் படிப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் திறந்துகொண்டேயிருப்பதைப் பார்க்கிற என் சகபாவிகள்தானே நீங்களும்! பழைய கம்ப்யூட்டர் வியாபாரத்தில் பொய் சொல்லாமல் பிழைத்துவிடலாம். பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் பிழைக்க முடியாது. எட்டாவதோடு படிப்பு நின்று, சைக்கிள் கடை, ரேடியோ கடை, டிவி கடை என்று ஷாக் அடித்து அடித்தே கரண்ட்டைக் கற்றுக்கொண்டவன் நான். இப்போது காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஆபீஸ்களில் கழித்துக்கட்டுகிற கம்ப்யூட்டர்களை எடுத்து, துடைத்து, சரிசெய்து விற்கிறேன். பேரம் பேசுவதில் என்னை ஜெயித்த ஆள் இல்லை என்று போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி நேரம்

ஜரினா கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்கித் தருகிறவர். வீட்டு மாடியில் ஒரு அறை, கடல் பக்கம் ஒரு ஜன்னல், நான் விற்ற ஒரு சிபியு. ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சிபியுவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நிக்காஹ்வும் வலிமா விருந்துமாக நாலு மணி நேரப் படம். மொத்தத்தையும் சேர்த்து ஒரே ஃபைலாக்கப் பத்து மணி நேரம் ஓடவேண்டும். ஏழு மணி நேரம் ஓடிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. மூன்று தடவை நின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார். பென் டிரைவ் அவர் கையில் இருக்கவேண்டும். அந்த வீட்டில் இன்னும் இரண்டு கல்யாணம் இருக்கிறது. இந்தப் படம் போய்ச் சேரவில்லை என்றால் அந்த இரண்டும் ஜரினாவுக்கு இல்லை.

நான் விற்ற பெட்டியை என் கடை வாசலில் நின்றுகொண்டு குறை சொன்னால் எனக்கு மூளைக்கு முன்னால் வாய் ஓடும். “பத்து மணி நேரமா? என்னம்மா பத்து மணி நேரம்? அஞ்சு மணி நேரத்துல முடியற மாதிரி ஆக்கித் தரேன். முடியலேன்னா சிபியுவ நானே திரும்ப எடுத்துக்கறேன். இந்த செல்வராசு சொன்னா சொன்னதுதான்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

ஜரினா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்: “அண்ணே, நான் அஞ்சு மணி நேரம் கேக்கவே இல்லியே.”

உள்ளே போனவர்

பழைய பிராசசரையே, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைக்கலாம். அதற்கு ஓவர்கிளாக் என்று பேர். அதைச் சொல்லித்தருகிற யூடியூப் வீடியோக்களை ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிருந்தது. பார்த்தேனே தவிர, கை வைத்தது கிடையாது. அதிலும் எல்லாப் பிராசசரும் வேகம் ஏறாது. நம்பருக்குப் பின்னால் இங்கிலீஷில் ‘கே’ என்ற எழுத்து இருந்தால்தான் ஏறும். ஜரினாவின் பெட்டியில் இருந்தது ‘கே’ இல்லாதது. அதே போர்டில் உட்காருகிற ‘கே’ வேண்டும். மறுநாள் மத்தியானம் சென்னையில் அந்தச் சந்தில் நின்றேன்.

பச்சைச் சட்டைக்காரரிடம் ‘கே’ இல்லாதது தட்டு நிறைய இருந்தது. ‘கே’ வேண்டுமென்றால் விலை இரண்டு மடங்கு என்றார். விடுவேனா? ‘கே’ இல்லாததன் விலைக்கு ‘கே’ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கத்தினேன், படியிறங்கினேன், திரும்பி வந்தேன், பில் வேண்டாம் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் இறக்கினேன். கடைசியில் அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, “உங்ககிட்ட நான் தோத்துட்டேன். ஒரு நிமிஷம் இருங்கண்ணே, உங்களுக்காக உள்ள போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று போனார். அஞ்சு நிமிஷம் கழித்து, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தபடி கொண்டுவந்தார். பளிச்சென்று இருந்தது ‘கே’. எங்கப்பா காளிமுத்து, என் இனிஷியலும் ‘கே’. எனக்காகவே செய்த பிராசசர் மாதிரி ஒரு பெருமை. ஆசையாகத் தொடப்போனேன், பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

“மேல விரல் வெக்காதீங்கண்ணே, சூடு கூடிடும்!”

இனிஷியல்

எங்கள் கடைக்கு நாற்காலி வாங்கிப்போட்ட நாளிலிருந்து அதில் உட்கார்ந்திருப்பவர் அந்துவான் சார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவு பார்த்து ரிட்டையரானவர். காலையில் பேப்பர் படிக்க வருவார். பேப்பர் முடிந்ததும் என்னைப் படிப்பார். உள்ளங்கையில் வைத்து அவரிடம் ‘கே’யைக் காட்டிவிட்டு, பிராசசரைப் போர்டில் உட்காரவைத்து, மேலே வெள்ளை பேஸ்ட்டைத் தடவி, ஹீட் சிங்க்கையும் ஃபேனையும் மாட்டி ஆன் செய்தேன். முதலில் வருமே ஒரு நீலத்திரை, பயாஸ் என்பார்கள், அதில் பிராசசரின் பேர் வந்தது.

“செல்வராசு, கையில காட்டினப்போ கடைசில ஒரு ‘கே’ இருந்துதே. இங்க காணோமே?” என்றார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு.

“சார், அது திரையில இடம் பத்தலே சார். பழைய போர்டு. நீங்க பேப்பர் படிங்க” என்று சிடுசிடுத்தேன். திரையில் அந்த வரிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. கோபத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

அந்துவான் சார் பேப்பரை மடித்தார். “முப்பது வருஷம் ரிஜிஸ்தர் பார்த்தவன் சொல்றேன், கேட்டுக்க. இனிஷியல் விட்டுப்போனா அது வேற ஆளு தம்பி.”

கவர்னர்

நீலத்திரையில் வேகத்துக்கான எண் முப்பத்து மூன்று என்றிருந்தது. நாற்பத்தைந்து என்று அடித்தேன். அது வாங்கிக்கொண்டது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜரினா கொடுத்த பத்து நிமிஷ வீடியோத் துண்டு ஒன்றை ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு நின்றேன். பழைய பிராசசரில் எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரம். ஒரு வினாடிகூடக் குறையவில்லை. வீடியோவில் ஒருத்தர் வோல்டேஜையும் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். இப்போது பெட்டியின் பின்பக்கம் இட்லி வேகவைக்கலாம் போல் சூடு. வேகம் மட்டும் அதே வேகம்.

அந்த நேரம் பார்த்து வந்தான் மணவாளன். என்னோடு எட்டாவது வரை படித்தவன், கிளிஞ்சல்மேட்டில் ஃபைபர் போட் வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும், கடலுக்கு நடுவில் நிற்பவன் மாதிரியே கத்தினான். “போட்டு எஞ்சினுக்கும் இதே கதைதான் மாப்ள! கம்பெனிக்காரன் வேகத்த மீறி ஓடாம இருக்க கவர்னர்னு ஒண்ண வெச்சு சீல் அடிச்சிருப்பான். நீ என்ன அடிச்சாலும் அது விடாது. மொதல்ல கவர்னரத் தூக்கு! கவர்னரக் கழட்டிக் கடாசு! கவர்னர் இருக்கற வரைக்கும் ஒண்ணும் நடக்காது!”

தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்துவான் சார் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு கெஞ்சினார்: “மெதுவா பேசுங்கப்பா, நான் பென்ஷன் வாங்கறவன்.”

தேதி

இன்னொரு வீடியோவில், அந்த எண் ஏறாவிட்டால் போர்டின் அடித்துடிப்பையே, பேஸ் கிளாக் என்பார்களே, அதையே ஏற்று என்றார்கள். நூறு என்று இருக்கும். நூற்றிரண்டு, நூற்றுமூன்று என்று பைய ஏற்றவேண்டுமாம். பைய என்ற வார்த்தை என் காதில் விழுந்ததே கிடையாது. நூற்றுப்பதினைந்து என்று அடித்தேன். திரை இருண்டது. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. நான் பெட்டியைத் திட்டினேன், போர்டைத் திட்டினேன், வீடியோ போட்டவனைத் திட்டினேன். பிறகு போர்டில் இருக்கிற வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகும் என்று ஞாபகம் வந்தது. மாட்டியதும் உயிர் வந்தது. எல்லாம் பழையபடி ஆனது என்றால், தேதியும்தான். கம்ப்யூட்டர் தேதி பதினைந்து வருஷம் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை.

அந்துவான் சார், ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று பென்ஷன் ஆபீஸுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற கடிதத்தை அடித்துத் தரச்சொன்னார். எழுந்து உட்கார்ந்த பெட்டிக்கு ஒரு சோதனையாகவும் ஆயிற்று என்று அதிலேயே அடித்து, பிரிண்டரை மாட்டிக் கொடுத்தேன். தேதி தானாகவே விழும்படி வைத்திருந்தேன். அவர் பேர், இனிஷியல், தகப்பனார் பேர் என்று ஒவ்வொன்றாக விரல்வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், மேல்மூலையில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். முகம் மலர்ந்தது.

“தம்பி, இந்தத் தேதியில நான் இன்னும் ரிட்டையரே ஆகல. பென்ஷன விடு, அந்த பதினஞ்சு வருஷச் சம்பளத்துக்கு ஒரு கடுதாசி அடி.”

மீன் பெட்டி

புதன்கிழமை வந்துவிட்டது. இடையில் இரண்டு நாள் மட்டும். மறுபடியும் நாற்பத்தைந்து, மறுபடியும் வோல்டேஜ். இப்போது பெட்டி பாதியிலேயே நிற்க ஆரம்பித்துவிட்டது. சூடுதான் காரணம், சூட்டை அடக்கினால் வேகம் தானாக வரும் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மணவாளனுக்குப் போன் அடித்தேன். ஐஸுக்கு அவனை விட்டால் யார்?

தெர்மாகோல் மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸ். குளிர் இன்னும் ஏறுவதற்காக மேலே கல்லுப்பும் போட்டுக் கொண்டுவந்திருந்தான், மீனுக்குப் போடுகிற பழக்கத்தில். பெட்டியை ஸ்டூலில் வைத்து, பின்னால் டேபிள் ஃபேனை வைத்து, சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி, குளிர்காற்று நேராக உள்ளே போகிற மாதிரி வைத்தோம். குளிர்ந்தது, பொய் சொல்லக்கூடாது. கூடவே கடைக்குள் காரைக்கால்மேடு மீன் ஏலக்கூடமே வந்து இறங்கிவிட்டது. காலையில் அந்தப் பெட்டியில் நெத்திலி இருந்திருக்கிறது. எங்கிருந்தோ மூன்று பூனைகள் வந்து, சிபியுவைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்தன. போர்டின்மேல் முத்து முத்தாக வியர்த்து நின்றது தண்ணீர்.

அப்போதா ஜரினா வரவேண்டும்? வாசலிலேயே நின்றார். பூனைகளைப் பார்த்தார், ஐஸைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு கேட்டார்: “அண்ணே, இதுல ஓடற வலிமா படத்துல பிரியாணி தெரியுமா, நெத்திலி தெரியுமா?”

செவுள்

ஜரினா போனதும் சுவிட்சை அணைத்து, ஃபேனைக் கழற்றி, ஹீட் சிங்க்கைத் தூக்கி, தண்ணீரெல்லாம் ஒற்றி எடுத்தேன். பிராசசரைக் கையில் எடுத்து, பழைய பேஸ்ட்டை வழிப்பதற்காக ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். பேஸ்ட் வந்தது. அதோடு சாம்பல் நிறத்தில் ஒரு கோடும் வந்தது. பிராசசரைப் பார்த்தேன். நம்பர் முழுசாக இருக்கிறது, கம்பெனிக்காரன் செதுக்கினது அது. ‘கே’ மட்டும் இல்லை. ‘கே’ துணியில் இருந்தது.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அந்த அஞ்சு நிமிஷம். ஓரத்தைப் பிடித்த இரண்டு விரல். ‘மேல விரல் வெக்காதீங்கண்ணே.’ மை காயவில்லையடா அப்போது! பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறாய்! நான் பேசின பேரத்துக்கு, நான் கேட்ட விலைக்கு, நான் கேட்ட எழுத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறாய்! நான் போட்ட சத்தத்தில் பூனைகள் மூன்றும் மூன்று திசையில் ஓடின. பில் இல்லை, போன் நம்பர் இல்லை. பில் வேண்டாம் என்று விலையைக் குறைத்த மகாபுத்திசாலி நான்தானே.

மணவாளன் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிரிப்பான் என்று அடிக்கத் தயாராக இருந்தேன். அவன் சிரிக்கவில்லை, ஏலத்தில் ஏமாந்த ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். “எங்க ஆளுங்கள்லயும் ஒருத்தன் ரெண்டு பேர் பண்றதுதான். கெட்ட மீனு செவுள்ல செவப்புச் சாயத்தைத் தடவி ரத்தம் மாதிரி காட்டுவான். அதனாலதான் பொம்பளைங்க செவுளத் தூக்கி, தண்ணிய ஊத்தி, விரலால தேச்சுப் பாத்துட்டு அப்பறமா விலையக் கேப்பாங்க. நீ விலைய மட்டும் பேசிட்டு வந்திருக்க மாப்ள.”

நாலாவது கால்

வியாழக்கிழமை விடிந்ததும் ஜரினாவின் பழைய பிராசசரை எடுத்தேன். எல்லா எண்களையும் கம்பெனி வைத்தபடியே விட்டேன். ஹீட் சிங்க்கை மாட்டுவதற்கு முன், முதல்முறையாகப் பொறுமையாக அதைத் திருப்பிப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே கடற்காற்றின் உப்பும் தூசியும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். அதற்குக் கீழே நாலு பிளாஸ்டிக் கால்கள். மூன்றில் போர்டில் அழுந்தின தடம் இருந்தது. நாலாவது புத்தம்புதிதாக இருந்தது. அது போர்டுக்குள் இறங்கினதே இல்லை. ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. சூடு ஏறி ஏறி, ஏழாவது மணியில் மூச்சு நின்றிருக்கிறது. ஜரினாவுக்கு விற்ற அன்று அதை மாட்டினது யார்? நான்தான். விற்கிற அவசரத்தில் நாலாவது காலை அழுத்தாமல் விட்டவன் நான்தான். இந்த வாரம் ‘கே’க்கு மேல் மாட்டினபோதும் அதைப் பார்க்காதவன் நான்தான்.

அழுத்தினேன். டக்கென்று உள்ளே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு வாரமும் ஒரு சென்னைப் பயணமும் ஆகியிருக்கின்றன. காலை ஆறரைக்கு ஜரினா வந்து, அந்துவான் சாருடைய நாற்காலியில் உட்கார்ந்து, படத்தை ஓடவிட்டார். ஏழாவது மணி நேரம் வந்தபோது ஜரினாவும், நின்றுகொண்டே பேப்பர் படித்த அந்துவான் சாரும், நானும் திரைக்கு முன்னால் கூடிவிட்டோம். நிற்கவில்லை. எட்டு, ஒன்பது. சாயங்காலம் நாலரைக்கு, பத்து மணி நேரம் முடிந்து, படம் முழுசாக வந்து நின்றது. மாப்பிள்ளை சார்ஜாவுக்குக் கிளம்ப இன்னும் ஒரு நாள் இருந்தது.

ஜரினா பென் டிரைவைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். நான் உப்புத் தூசி கதையையும் நாலாவது கால் கதையையும் சொன்னேன். வழக்கமாகத் தப்பு என்னுடையது என்றால் என் குரல் ஏறும், அன்றைக்கு ஏறவில்லை. கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கணக்குப் பார்க்கிற மாதிரி விரல்களை மடக்கினார்.

“அஞ்சு மணி நேரத்துல முடியலேன்னா சிபியுவ எடுத்துக்கறேன்னு தெருவுக்கே கேக்கச் சொன்னீங்க. பத்து ஆயிருக்கு. நான் சிபியுவத் திருப்பித் தரப்போறதில்ல, அது இப்பத்தான் ஒழுங்கா ஓடுது. அதுக்குப் பதிலா, நாளைக்கு வந்து அந்த உப்புத் தூசி வராம என் ஜன்னலுக்கு வலை அடிச்சுக் குடுத்துட்டுப் போங்கண்ணே. நல்ல வலையா இருக்கட்டும்.”

பேரத்தில் நான் தோற்றது அன்றைக்குத்தான். இல்லை, இரண்டாவது தடவை; முதல் தடவை மாடிப்படிக்குக் கீழே.

ஆகவே பச்சைச் சட்டைக்காரரே, நான் அழுத்தாமல் விட்ட ஒரு காலுக்கு மாடியேறி, ஆணியடித்து, வலை கட்டி நேர் செய்துவிட்டேன். நீயும் மரியாதையாக ஒரு நிஜமான ‘கே’யை எடுத்துக்கொண்டு காரைக்கால் பஸ் ஏறி வந்து சேர், ஒரு பைசா பேரம் பேசமாட்டேன், எச்சில் தொட்டு ஒரே ஒரு தடவை துடைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.